வெந்தய வரியனைத் தேடிக் காண்பது எப்படி? எருக்கஞ்செடியில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

புல்வெளி, தரிசு, ஏரிக்கரை என்று தமிழ்நாட்டில் எந்தத் திறந்த நிலத்தில் நின்றாலும் கண்ணில் படுகிற பட்டாம்பூச்சிகளில் ஒன்று வெந்தய வரியன். செம்மஞ்சள் நிறத்தில் தாழ்வாகப் பறக்கும். எங்கும் காணப்படுவதாலேயே யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். ஒரு பட்டாம்பூச்சியின் முழு வாழ்க்கையையும், முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரை, வெறுங்கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு நம் ஊரில் கிடைப்பது அரிது. மெதுவாகப் பறக்கிறது, ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை, அதன் குழந்தைப் பருவம் முழுவதும் பெரும்பாலும் ஒரே செடியில் கழிகிறது. அந்தச் செடி எருக்கு.

பட்டாம்பூச்சி பார்க்கக் கிளம்புகிறவர்கள் பூச்சியின் பின்னால் ஓடுகிறார்கள். நீங்கள் ஓட வேண்டாம். எருக்கைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நில்லுங்கள், பூச்சி தானாக வரும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு யோசனையிலிருந்து பிறந்தவை.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெந்தய வரியன் வெயிலின் பூச்சி. மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் தேடினால் ஏமாற்றம்தான். வறண்ட, திறந்த, புல்லும் குறுஞ்செடியும் கலந்த நிலமே அதன் வீடு. மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்க் கரை, ரயில் பாதையோரம், பயிர் வைக்காமல் விட்ட காடு, கடலோர மணல்மேடு எல்லாம் அதற்கு ஏற்றவை. ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை இது பரவியிருப்பதற்குக் காரணம், இத்தகைய நிலம் எங்கும் இருப்பதுதான். எகிப்தில் நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட வேட்டைக் காட்சியில் இந்தப் பூச்சி பறக்கிறது. அந்த ஓவியம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியத்தில் பூச்சியை அடையாளம் காண முடிகிற அளவுக்கு நிறமும் புள்ளிகளும் தெளிவாக உள்ளன.

என்னைக் கேட்டால், இதைப் பார்க்கச் சிறந்த இடமாகக் கொங்கு நாட்டின் கொறங்காட்டைச் சொல்வேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமுமாகப் பரந்து கிடக்கும் தனியார் மேய்ச்சல் நிலங்கள் அவை. காங்கேயம் மாடுகள் மேய்வது அங்கேதான். மாடு எருக்கைத் தொடாது. அதனால் புல் மேயப்பட்ட இடத்திலும் எருக்கு மட்டும் தழைத்து நிற்கும். வேலியின் ஓரமாக நடந்தால் போதும். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். படலைத் திறந்தால் மறக்காமல் சாத்திவிடுங்கள்.

கொறங்காடு இல்லாத ஊர்க்காரர்கள் தங்கள் பக்கத்து இடத்தை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். முதலில், இளந்தளிர் விட்ட எருக்கு இருக்கிறதா? அடுத்து, தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, உண்ணிச்செடி போலத் தேன் தரும் பூக்கள் பக்கத்தில் இருக்கின்றனவா? கடைசியாக, கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ கண்ணில் படுகிறதா? மூன்றும் சில நிமிட நடைக்குள் இருந்தால் வேறு இடம் தேட வேண்டாம். அந்த மூன்றாவது செடி எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: காலமும் நேரமும்

ஆண்டு முழுவதும் காணக் கிடைக்கும். ஆனாலும் மழை பெய்து எருக்கு புதுத்தளிர் விட்ட பிறகுதான் எண்ணிக்கை கூடும். ஐப்பசி மழைக்குப் பின், கார்த்திகையிலிருந்து தை வரை நல்ல காலம். ஆடிக்காற்று பலமாக வீசும் நாட்களில் வேலியின் காற்று மறைவில் தேடுங்கள்.

மற்றப் பல பட்டாம்பூச்சிகளைவிட இது காலையில் சீக்கிரம் எழும், மாலையில் வெகுநேரம் வரை திரியும். காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை உட்கார்ந்தால் தேன் குடிப்பது, துணை தேடுவது, முட்டையிடுவது மூன்றையும் பார்த்துவிடலாம். இளவெயிலில் தரையோரம் இறக்கையை விரித்துக் குளிர்காய்வதும் அப்போதுதான்.

கையில் தண்ணீர், தொப்பி, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, குறிப்பேடு. காலில் மூடிய ஷூ கட்டாயம். வறண்ட புதர்க்காடு சுருட்டை விரியனுக்கும் வீடு. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் விழிப்படலம் பாதிக்கப்படும், பார்வை மங்கும். செடியைத் தொட்ட கையோடு முகத்தைத் தொடக் கூடாது. குழந்தைகளை அழைத்துப் போனால் இலையைப் பெரியவர்கள் மட்டும் திருப்பிக் காட்டுங்கள். பால் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மூன்றாம் படி: இதுதான் அது என்று உறுதி செய்யுங்கள்

இறக்கையை விரித்தால் ஏழு முதல் எட்டு சென்டிமீட்டர். இறக்கையின் நிறம் செம்மஞ்சள். முன்னிறக்கையின் நுனி கருப்பு, அந்தக் கருப்புக்குள் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. பின்னிறக்கையின் ஓரத்தில் மெல்லிய கருப்புக் கரை, அதற்குள் வெண்புள்ளிகள். பின்னிறக்கையின் நடுப்பகுதியில் சில கரும்புள்ளிகள். தலையும் மார்பும் கருப்பு, அவற்றின்மேலும் வெண்பொட்டுகள் இருக்கும். நடக்கிற கால்கள் நான்குதான் தெரியும். முன்னங்கால்கள் இரண்டும் சிறுத்துப்போய் மார்போடு ஒட்டியிருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எருக்கின் நஞ்சு இந்தப் பூச்சியின் உடலில் சேர்வதால் பறவைகள் இதை ஒருமுறை கொத்திப் பார்த்து, பிறகு ஒதுக்கிவிடுகின்றன. அந்தப் பாதுகாப்பில் பங்கு கேட்டு நஞ்சில்லாத வேறு பட்டாம்பூச்சிகளும் இதே வேடம் போட்டுக்கொள்கின்றன. ஹைபோலிம்னஸ் மிசிப்பஸ் என்ற இனத்தின் பெண் அதில் கைதேர்ந்தது. அதன் ஆண் கருப்பாக, பெரிய வெள்ளை வட்டங்களோடு முற்றிலும் வேறு மாதிரி இருக்கும். பெண் மட்டும் வெந்தய வரியனின் அச்சு. பின்னிறக்கையைப் பாருங்கள். நடுவில் மூன்று நான்கு புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். முன் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் வேடதாரி. வேடதாரியின் இறக்கை ஓரமும் லேசாக நெளிந்திருக்கும். பயமுறுத்தினால் அதன் நிதானம் கலைந்து, விர்ரென்று ஒரே பாய்ச்சலில் போய்விடும். பருப்புக்கீரை படர்ந்த இடத்தில் இதை எதிர்பார்க்கலாம், அதன் புழுக்கள் உண்ணும் செடிகளில் அதுவும் ஒன்று.

நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிகளில் இந்திய ஃப்ரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சியின் பெண்ணும் முன்னிறக்கை நுனியில் இதே கருப்பு வெள்ளைக் கோலத்தோடு திரியும். ஆனால் அதன் இறக்கை முழுவதும் சிறுத்தைப் புள்ளிகள் நிறைந்திருக்கும். நரம்புகளின்மேல் தடித்த கருப்புக் கோடுகள் ஓடினால் அது வெந்தய வரியனின் நெருங்கிய உறவினமான டானாஸ் ஜெனூட்டியா.

நான்காம் படி: ஆணா பெண்ணா?

பின்னிறக்கையின் அதே புள்ளிகளை எண்ணுங்கள். பெண்ணுக்கு மூன்று. ஆணுக்கு நான்கு. அந்த நான்காவது மற்றவற்றைவிடப் பெரியதாக, சற்றுப் புடைத்து, அடிப்பக்கத்தில் நடுவில் வெளுப்போடு தெரியும். அது வெறும் புள்ளியில்லை, வாசனைப் பை. பூவில் இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது இதைப் பார்ப்பது சுலபம்.

ஐந்தாம் படி: உட்கார்ந்து நடத்தையைக் கவனியுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. எருக்கிலிருந்து நாலைந்து அடி தள்ளி, உங்கள் நிழல் செடிமேல் விழாதபடி உட்காருங்கள்.

பறக்கும் விதத்தை முதலில் பாருங்கள். இடுப்பு உயரத்துக்குக் கீழே, நிதானமாக, சில முறை சிறகடித்துச் சிறிது மிதந்து, மறுபடி சிறகடித்துப் போகும். தன்னை யாரும் தின்ன மாட்டார்கள் என்ற தைரியத்தில் பிறந்த நடை அது. யாராவது பிடித்துவிட்டால் அசையாமல் செத்ததுபோல் கிடக்கும், நாற்றமுள்ள திரவத்தையும் கசியவிடும். அதன் தோல் கடினமானது. பறவை அலகால் கவ்வி விட்டுவிட்ட பிறகும் பிழைத்துப் பறக்கும். இறக்கையில் அலகின் வடிவத்திலேயே கிழிசல் உள்ள பூச்சிகள் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள், அவை ஒரு தாக்குதலைத் தாண்டி வந்தவை.

இப்போது கிலுகிலுப்பைக்கு வருவோம். ஆண்கள் கிலுகிலுப்பையின் காய்ந்த காயையும் தண்டையும், தேள்கொடுக்கின் வாடிய கிளையையும் மொய்த்துக்கொண்டு உறிஞ்சுவதைக் காணலாம். பூவே இல்லாத இடத்தில் என்ன குடிக்கின்றன என்று புதியவர்கள் திகைப்பார்கள். உறிஞ்சுகுழல் வழியே ஒரு திரவத்தை விட்டு, காய்ந்த திசுவிலிருக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கசப்புப் பொருளைக் கரைத்து இழுத்துக்கொள்கின்றன. ஆணின் உடலில் அது பெண்ணை மயக்கும் வாசனையாக மாறுகிறது. அந்தக் கசப்பு கிடைக்காத ஆணுக்குப் பெண்கள் இணங்குவது குறைவு. ஆகவே கிலுகிலுப்பையைக் களையென்று பிடுங்கிய நிலத்தில் எருக்கு எத்தனை இருந்தாலும் ஆண்களின் பாடு திண்டாட்டம்தான்.

துணை தேடும் ஆண் ஒரே பாதையில் போய்த் திரும்பி ரோந்து சுற்றும். பெண்ணைக் கண்டதும் பின்தொடர்ந்து, அவளுக்கு மேலே முந்திப் பறந்து, வயிற்று நுனியிலிருந்து இரண்டு மெல்லிய தூரிகைகளை வெளியே நீட்டும். ஒரு கணம்தான் தெரியும். அந்தத் தூரிகைகளில்தான் வாசனைத் தூள் இருக்கிறது. இணைந்த ஜோடியைக் கலைத்தால் ஒன்று பறக்க, மற்றது தொங்கிக்கொண்டே போகும். கலைக்காமல் இருந்தால் வெகுநேரம் புல்லிலோ செடியிலோ அப்படியே இருப்பதைப் பார்க்கலாம்.

ஆறாம் படி: முட்டையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பெண் பூச்சி பூக்களை விட்டுவிட்டு எருக்குக்கு எருக்கு தாவி, இலைமேல் இறங்கி இறங்கி எழுந்தால் முட்டையிடப் போகிறது என்று பொருள். அருகில் போகாமல் பாருங்கள். சிறுத்த முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். செடியின் ருசியை அது அறிவது அந்தக் கால்களால்தான். பிடித்திருந்தால் இலையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, வயிற்றை அடிப்பக்கமாக வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். ஒரு செடியில் பல புழுக்கள் சேர்ந்து பசியில் வாடாமல் இருக்க இது வழி.

அது போன பிறகு இலையை மெல்லத் திருப்புங்கள். முட்டை கசகசாவைவிடச் சற்றுப் பெரிது, வெண்மை நிறம், நிமிர்ந்து நிற்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழாக வரிவரியான மேடுகள் தெரியும். இளந்தளிர்களில் தேடுவதே பலன் தரும். அதே தளிரில் மஞ்சள் நிற அசுவினிகள் கூட்டமாக அப்பியிருக்கும், அவற்றை முட்டைக் கூட்டம் என்று எண்ணிவிட வேண்டாம்.

வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிவதற்குச் சற்று முன் உச்சி கருத்துவிடும். உள்ளே இருப்பது புழுவின் தலை.

ஏழாம் படி: புழுவோடு சில நாட்கள்

வெளியே வந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும். அடுத்து அது செய்யும் வேலையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். இந்த வழிகாட்டியை எழுதியதே பெரும்பாலும் அதற்காகத்தான்.

எருக்கு இலையில் எங்கே கீறினாலும் பால் பீறிடும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவுக்கு ஒரு சொட்டுப் பால் என்பது வாயை ஒட்டவைத்து உடலையே மூழ்கடிக்கும் பசை. எனவே அது நேரடியாகக் கடிக்காது. இலையின் அடியில் நின்றுகொண்டு, தலையை வளைத்து வளைத்துத் தன்னைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளத்தைக் கீறும். பால் அந்தப் பள்ளத்தில் துளித்துளியாக வந்து நிற்கும். வெளியிலிருந்து வட்டத்துக்குள் பால் வரும் வழி அடைபட்ட பிறகு, நடுவில் உள்ள இலையை நிம்மதியாகத் தின்னும். வட்டம் முழுவதும் தின்று முடிந்தால் இலையில் உருண்டையான ஓர் ஓட்டை மிஞ்சும். இளம் எருக்கிலையில் சிறு வட்ட ஓட்டைகளைக் கண்டால் உடனே அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டையின் ஓரம் பால் காய்ந்து வெளுத்திருந்தால் புழு இன்னும் அங்கேதான் இருக்கக் கூடும். இலை விளிம்பிலிருந்து தாறுமாறாகக் குதறப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் மஞ்சளும் நீலப்பச்சையுமாக இருக்கும் எருக்கு வெட்டுக்கிளியின் வேலை.

புழு வளர வளர வட்டக் கீறலுக்குத் தேவை குறையும், இலையைப் பெரிய அளவில் தின்னத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் ஒளிந்தும் இருக்காது. உடல் முழுவதும் கருப்பு வெள்ளை வரிகள், முதுகின் இருபுறமும் மஞ்சள் திட்டுகள், தலையில் கருப்பு வெள்ளை வளையங்கள். முன்புறம் ஒரு ஜோடி, நடுவில் ஒரு ஜோடி, பின்புறம் ஒரு ஜோடி என ஆறு கருங்கொம்புகள். இலையை லேசாக அசைத்தால் முன் ஜோடி துடித்து ஆடும். அவை கொட்டுவதில்லை, உடலில் அரிக்கும் முடியும் கிடையாது.

பெரிய புழுக்களைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: கீழ் இலைகளில் கரும்பச்சை எச்ச உருண்டைகள் கிடக்கின்றனவா என்று பார்த்து, அதற்கு நேர் மேலே தேடுங்கள்.

நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும். தோலுரிப்பதற்கு முன் வெகுநேரம் அசையாமல், தின்னாமல் இருக்கும். நோய் என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள், அந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் செத்துவிடலாம். பொரித்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் முழு வளர்ச்சி பெற்றுவிடும், குளிர் நாட்களில் கூடுதலாக ஆகும்.

வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அடைத்த பாட்டிலில் ஈரம் சேர்ந்து புழு அழுகிப்போவது சாதாரணம். எருக்கு எந்தத் தெருமுனையிலும் நிற்கிறது. செடிக்குப் போய்ப் பாருங்கள், கிளையில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்.

எட்டாம் படி: கூட்டுப்புழுவும் சிறகு விரிப்பும்

வளர்ந்த புழு திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கும். அதே இலையின் அடியில் தங்குவதும் உண்டு, பக்கத்துப் புல்தண்டுக்கோ வேலிக்கோ போய்விடுவதும் உண்டு. புழு காணாமல் போய்விட்டதே என்று தேடுபவர்கள் சுற்றிலும் சில அடி தூரம் தாழ்வான கிளைகளின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பட்டுநூலால் ஒரு சிறு திண்டு பின்னி, அதில் பின்காலை மாட்டித் தலைகீழாக வளைந்து தொங்கும். மறுநாள் தோல் உரிந்தால் உள்ளிருந்து கூட்டுப்புழு வெளிப்படும்.

பச்சை இலைகளுக்கு நடுவே இருந்தால் கூடு வெளிர்பச்சை. காய்ந்த சருகோ வேறு நிறமோ சூழ்ந்திருந்தால் இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு. எந்த நிறமானாலும் மேற்பகுதியில் பொன்மணிகள் கோத்தாற்போல ஒரு வளையம் மின்னும். வெயில் படும்போது கண்ணாடி வைத்துப் பாருங்கள். அது நிறமிப் பொருள் அல்ல, ஓட்டின் அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுக்கம்.

ஒரு வாரம் முதல் பத்து நாள் காத்திருக்க வேண்டும். கடைசி நாளில் ஓடு தெளிந்து, உள்ளே மடங்கிய செம்மஞ்சள் இறக்கை வெளியே தெரியும். மறுநாள் காலை சீக்கிரமே போய்விடுங்கள். வெளிவந்த பூச்சி ஓட்டைப் பற்றித் தொங்கிக்கொண்டு சுருங்கிய இறக்கைக்குள் திரவத்தைச் செலுத்தி விரிக்கும். அப்போது அதன் முகத்தைப் பாருங்கள். உறிஞ்சுகுழல் இரண்டு தனித்தனி இழைகளாகப் பிரிந்திருக்கும். சுருட்டிச் சுருட்டி நீட்டி, இரண்டையும் ஒன்றாக இணைத்துக் குழலாக்கிக்கொள்ளும். அது இணையாவிட்டால் வாழ்நாளில் ஒரு துளித் தேன்கூடக் குடிக்க முடியாது. இறக்கை காய்ந்து பறக்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தொடவே கூடாது.

ஒன்பதாம் படி: எல்லாப் புழுவும் பூச்சியாவதில்லை

கூடு கருத்தும் பூச்சி வரவில்லையென்றால், அல்லது கூட்டில் ஒரு துளை இருந்தால் ஒட்டுண்ணி புகுந்திருக்கிறது. டக்கினிட் ஈக்களும் சிறு குளவிகளும் புழுவின்மேலோ உள்ளேயோ முட்டையிட்டு, அவற்றின் புழுக்கள் உள்ளிருந்தே தின்று வளரும். பறவைக்கு எதிரான நஞ்சு இவற்றைத் தடுப்பதில்லை. பார்க்க மனம் கனக்கும், ஆனால் தலையிட வேண்டாம். அந்தக் குளவிகளும் அதே புல்வெளியின் குடிகள்.

பத்தாம் படி: குறித்து வையுங்கள்

தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, செடியின் பெயர், என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவு எழுதினாலே பயனுள்ள பதிவு. படம் எடுக்கும்போது இறக்கையின் மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் எடுங்கள். பின்னிறக்கைப் புள்ளிகள் தெளிவாக விழட்டும், அடையாளமும் பாலினமும் அதில்தான் இருக்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகிய தளங்களில் பதிவேற்றலாம். 2020 முதல் செப்டம்பர் மாதத்தில் இந்தியா முழுவதும் ஆர்வலர்கள் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள், அதிலும் சேரலாம். அரிய பூச்சிகளை மட்டுமே பதிவு செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாதாரணப் பூச்சி எப்போது குறையத் தொடங்கியது என்பது அதைத் தொடர்ந்து எண்ணியவர்களுக்கு மட்டுமே தெரியும்.

பதினோராம் படி: எருக்கை வெட்டவிடாதீர்கள்

அரசுப் பட்டியல்களில் புல்லும் புதருமான நிலம் பெரும்பாலும் தரிசு என்றே எழுதப்படுகிறது. பயனற்ற நிலம் என்று முடிவுகட்டி மரக்கன்று நட வருகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் நிழல் அடர்ந்தால் எருக்கும் தும்பையும் கிலுகிலுப்பையும் போய்விடும், அவற்றோடு வெந்தய வரியனும் போய்விடும். புல்வெளி என்பது காடாக மாறத் தவறிய நிலமல்ல. உங்கள் ஊரில் நடவு பற்றிப் பேச்சு வந்தால், புல் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு வீதியோரத்திலும் பள்ளி வளாகத்திலும் நடச் சொல்லிக் கேளுங்கள்.

துப்புரவுப் பணி நடக்கும் சாலையோரங்களில் இதைவிட எளிய வேண்டுகோள் போதும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒரு பக்கத்தை இப்போதும் மறுபக்கத்தை ஒரு மாதம் கழித்தும் வெட்டச் சொல்லுங்கள். முட்டையிலிருந்து சிறகு விரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆவதால், எப்போதும் ஒரு தலைமுறை பிழைத்திருக்கும். பணியாளர்களிடம் ஒரு புழுவைக் காட்டிவிட்டுக் கேட்பது நல்லது, பார்த்தவர்கள் தாமாகவே அந்தச் செடியை விட்டுவைக்கிறார்கள்.

வீட்டில் எருக்கு முளைப்பது ஆகாது என்று எண்ணுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். வெள்ளெருக்கை மட்டும் பிள்ளையாருக்கென்று வைத்துக்கொள்வார்கள். வெந்தய வரியனுக்கு இந்தப் பேதமில்லை, வெள்ளெருக்கின் இலையும் அதற்கு உணவுதான். தொட்டியில் வைப்பதைவிடத் தரையில் வையுங்கள், வேர் ஆழமாகப் போகும் செடி. பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். தளிர் குறைந்துவிட்டால் மழைக்கு முன் கிளையைக் கவாத்து செய்யுங்கள், புதுத்தளிர் வந்ததும் முட்டையிட வரும். செடி பூத்துவிட்டால் பெரிய கருவண்டுகளும் வந்து சேரும். எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பொதிகளாக இருப்பதால், அதைக் காலில் மாட்டிச் சுமந்துபோக அந்த வண்டின் பலம் தேவைப்படுகிறது. காலை நேரத்தில் பூவருகே நின்றால் அதையும் பார்க்கலாம்.